வியாழக்கிழமைப் பட்டாணியும் பரங்கிப்பேட்டைக் கிடங்கும்

சென்ற மே மாத விடுமுறையில் ஸ்வீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் மூன்று வாரங்கள் தங்கியிருக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அழைத்தவர் என் பழைய மாணவர். இளம் அறிவியல் வகுப்பில் பகுதி ஒன்று தமிழை என்னிடம் படித்தவர். மதிப்பெண்ணைக் கணக்கிட்டுப் பலரும் பிரெஞ்சை எடுத்துக்கொள்ளும் புதுச்சேரியில் பிடிவாதமாகத் தமிழ் எடுத்தவர் என்பதால் அவர்மீது எனக்கு எப்போதும் ஒரு சாய்வு உண்டு. அவர் துணைவியார் அந்நகரத்து சால்கிரென்ஸ்கா மருத்துவமனையில் செவிலியர். அந்த மருத்துவமனையின் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் தேவைப்படும்.

ஊரின் பெயரை அவ்வூரார் 'யோத்தெபோரி' என்பதுபோல் உச்சரிக்கிறார்கள். நான் 'கோத்தன்பர்க்' என்றபோதெல்லாம் பொறுமையாகப் புன்னகைத்தார்கள். பாண்டிச்சேரி, புதுச்சேரி, புதுவை, பாண்டி என்று ஓர் ஊருக்கு நான்கு பெயர் வைத்துக்கொண்டு வாழ்பவனுக்கு இது பெரிய சங்கடமாகத் தோன்றவில்லை.

ஒரு வியாழக்கிழமை நண்பகலில் மாணவர் என்னைத் தம் அலுவலகத்தார் வழக்கமாகச் சாப்பிடும் சிறிய உணவுக்கடைக்கு அழைத்துச் சென்றார். டிராம் நிறுத்தத்தை ஒட்டிய, பலகை மேசைகள் போட்ட எளிய இடம். வாசலில் கரும்பலகையில் அன்றைய உணவு எழுதியிருந்தது. ஒரே விலை. அதற்குள் முக்கிய உணவு, காய்கறிக் கலவை, ரொட்டி, முடிவில் காப்பி எல்லாம் அடக்கம். தட்டை நாமே ஏந்திச் சென்று வாங்கிக்கொள்ள வேண்டும். உண்டபின் நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். கட்டடத் தொழிலாளரும் கழுத்துப்பட்டை அணிந்த அதிகாரியும் ஒரே வரிசையில் நின்றார்கள். 'நம்மூர் மெஸ் மாதிரிதான் ஐயா' என்றார் மாணவர். மெஸ்தான். பரிமாறுபவர் 'இன்னும் கொஞ்சம் சாம்பார்?' என்று கேட்காத மெஸ்.

இத்தகைய சாப்பாட்டை அவர்கள் 'ஹுஸ்மான்ஸ்கொஸ்ட்' என்கிறார்கள். வீட்டுக்காரன் சாப்பாடு என்று ஏறத்தாழப் பொருள் சொல்லலாம். விருந்துக்குரியதன்று, அன்றாடத்துக்குரியது. இறைச்சி உருண்டை, உருளைக்கிழங்கு, காடுகளில் விளையும் லிங்கன் எனும் புளிப்புச் சிவப்புப் பழத்தின் கூழ், ஊறவைத்த மீன், முட்டைக்கோசு இலையில் சுருட்டிய கறி. வியாழனன்று மட்டும் மஞ்சள் பட்டாணிச் சாறும் அதன் பின்னால் மெல்லிய மாப்பணியாரமும். நாடு முழுவதும் பள்ளிகளிலும் இராணுவத்திலும் எளிய உணவுக்கடைகளிலும் வியாழன் என்றால் இதுதான். இராணுவத்தில் இன்றும் இவ்வழக்கம் தொடர்கிறது.

சாறு என்று சொன்னேனே தவிர அது நம் ரசம்போல் ஓடுவதன்று. பொங்கலுக்கும் கூட்டுக்கும் இடைப்பட்ட பதம். காய்ந்த பட்டாணியை இரவு ஊறவைத்து, உப்பிட்ட பன்றிக்கறியோடு நெடுநேரம் வேகவைத்துக் குழைக்கிறார்கள். ஓர் இலை மணம், கொஞ்சம் வெங்காயம், அவ்வளவே. தட்டின் விளிம்பில் அரைத்த கடுகுவிழுதை ஒரு கரண்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் அதைத் தொட்டுக் கலக்க வேண்டும். நாம் கடுகை எண்ணெயில் வெடிக்கவிட்டு அதன் காரத்தை அடக்கிவிடுகிறோம். அவர்கள் பச்சையாக அரைத்து மூக்கில் ஏற்றுகிறார்கள். முதல் கரண்டியில் கண்ணீர் வந்தது. இரண்டாவதிலிருந்து பிடித்துப்போயிற்று. பன்றிக்கறி புதுச்சேரியில் வளர்ந்தவனுக்குப் புதிதன்று. பட்டாணியோ கடற்கரைச் சுண்டலின் அதே பட்டாணி.

வியாழன் ஏன்? ஸ்வீடன் கத்தோலிக்க நாடாக இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை புலால் விலக்கிய நோன்பு. மறுநாள் நோன்பைத் தாங்க முந்தின நாள் வயிறு நிறைய உண்பது வழக்கம் என்று விளக்கம் சொல்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் நாடு லூத்தரின் வழிக்கு மாறியது. நோன்பு போயிற்று, நோன்புக்கு முந்தின நாள் சாப்பாடு மட்டும் தங்கிவிட்டது. சமயத்தைவிட வயிற்றுக்கு ஞாபகசக்தி அதிகம். இப்பட்டாணிச் சாற்றுக்கு ஓர் இருண்ட கதையும் உண்டு. பதினான்காம் எரிக் என்ற மன்னர், தம்பியால் அரியணை இழந்து சிறையிருந்து 1577-இல் இறந்தார். பட்டாணிச் சாற்றில் நஞ்சு கலந்து கொடுத்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. 1958-இல் கல்லறையைத் திறந்து ஆராய்ந்தபோது உடலெச்சத்தில் ஆர்சனிக் இருந்ததைக் கண்டார்கள். சாற்றில்தான் கலந்தார்களா என்பதை எலும்பு சொல்லாது அல்லவா?

உண்டு முடிக்கும் தறுவாயில் பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர் சிறு கண்ணாடிக் குவளையில் சூடாக ஏதோ வாங்கிப் பருகினார். மஞ்சள் நிறம், ஆவி பறந்தது. அதன் மணம் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பட்டாணிச் சாற்றோடு சூடாக 'புன்ஷ்' அருந்துவது பழைய மரபு என்று மாணவர் விளக்கினார். 'எதிலிருந்து வடிக்கிறார்கள்?' என்று கேட்டேன். 'அரக்' என்றார். புட்டியை வாங்கிக் காட்டினார்கள். பெயரிலேயே அரக் இருந்தது.

அரபு மொழியில் வியர்வையைக் குறிக்கும் சொல் அது. வாலையில் வடிந்து துளிர்க்கும் சாராயத்துக்கு ஆகிவந்து இந்துமாக்கடல் துறைகள் எல்லாவற்றிலும் பரவியது. நம் கரையிலும் இலங்கையிலும் தென்னங்கள்ளையும் பனங்கள்ளையும் வடித்தார்கள். சாவகத்தின் பத்தாவியாவில் கரும்புப் பாகையும் அரிசியையும் கொண்டு வடித்தார்கள். ஸ்வீடன்காரர் நாவில் ஒட்டியது சாவகத்துச் சரக்கு. 'புன்ஷ்' என்ற பெயரும் ஐந்து பொருள் கலந்தது என்ற கருத்தில் நம் 'பஞ்ச' என்பதிலிருந்து வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படுவது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், மணப்பொருள் ஆகியவை அந்த ஐந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கலந்தே புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கிய பின் அது அவர்களுடைய தேசிய பானமாகவே ஆனது. இன்றும் பேக்கரிகளில் அரக் மணமூட்டிய பச்சைச் சுருள் இனிப்பு ஒன்று கிடைக்கிறது. 'தூசு உறிஞ்சி' என்று அதற்குச் செல்லப்பெயர். அந்த இயந்திரத்தின் வடிவத்தில் இருப்பதால்.

இந்த அரக் ஸ்வீடனுக்கு வந்துசேர்ந்தது எப்போது என்று கேட்டால் பெரும்பாலும் 1733 என்ற ஆண்டைச் சொல்கிறார்கள். ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கப்பல் திரும்பிய ஆண்டு. அந்த ஆண்டைக் கேட்டதும் நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அதே 1733-இல், அதே கம்பெனியின் இரண்டாவது கப்பல் எங்கே நின்றது என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊருக்குத் தெற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில், வெள்ளாற்று முகத்தில், பரங்கிப்பேட்டையில்.

கதையைச் சற்று முன்னிருந்து சொல்ல வேண்டும்.

ஆங்கிலேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், தேனியர் எனக் கம்பெனிகள் சோழமண்டலக் கரையைப் பங்கிட்டுக்கொண்ட பிறகு, ஆஸ்திரிய ஆட்சிக்குட்பட்ட ஒஸ்தெண்டு நகரத்து வணிகர்களும் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் கிடங்கும் வைத்தார்கள். மற்றவர் அனைவரும் சேர்ந்து அழுத்தியதால் 1727-இல் அதன் உரிமை நிறுத்திவைக்கப்பட்டு, 1731-இல் அடியோடு முடிந்தது. முதலும் அனுபவமும் உள்ள ஆட்கள் கைவசம். கப்பலில் ஏற்றக் கொடிதான் இல்லை. அந்தக் கொடியை ஸ்வீடன் கொடுத்தது. 1731 ஜூனில் ஹென்ரிக் கோனிக் பெயரில் பதினைந்தாண்டுக்கு உரிமைப்பட்டயம் வழங்கப்பட்டது. பின்னணியில் இருந்தவர்கள் ஒஸ்தெண்டுக் கம்பெனியில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர் காலின் கேம்பெல், கோத்தன்பர்க் வணிகர் நிக்லாஸ் சால்கிரென். ஆம், மருத்துவமனைப் பெயர் இந்த சால்கிரெனுடையதுதான். அவர் விட்டுச்சென்ற கொடையில் 1782-இல் அது தொடங்கியது. என் மாணவரின் வீட்டுச் சம்பளம் கிழக்கிந்தியச் சரக்கின் வட்டி என்று நான் கேலி செய்தபோது அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார்.

முதல் கப்பல் 1732 பிப்ரவரியில் கான்டனுக்குப் புறப்பட்டது. கேம்பெல் அதில் சென்றார். திரும்பும் வழியில் ஒல்லாந்தர் மறித்துப் பத்தாவியாவுக்கு இழுத்துச் சென்று பிறகு விட்டார்கள். எப்படியோ 1733 கோடை முடிவில் கோத்தன்பர்க் சேர்ந்தது. சரக்கு ஏலத்தில் பெரும் இலாபம். இதற்கிடையே 1733 தொடக்கத்திலேயே இரண்டாவது கப்பல் இந்தியாவை நோக்கிக் கிளம்பியிருந்தது. அரசியின் பெயரால் 'உல்ரிக்கா எலியநோரா'. மாலுமித் தலைவர் பெத்தர் ஃபொன் உட்ஃபால். வணிகத் தலைவர் சார்லஸ் பாரிங்டன் என்ற பிரித்தானியர். அவ்வாண்டு செப்டம்பரில் பரங்கிப்பேட்டையில் நங்கூரமிட்டார்கள்.

துறையைத் தேர்ந்தெடுத்ததில் தவறு சொல்ல முடியாது. போர்ச்சுகீசியர் புதுத்துறை என்ற பொருளில் 'போர்ட்டோ நோவோ' என்றார்கள். பாரசீக ஆவணங்கள் 'மஹ்மூத் பந்தர்' என்கின்றன. மரக்காயர் கப்பல்கள் மலாக்காவுக்கும் அச்சைக்கும் சென்றுவந்த துறை. சுற்றுவட்டாரத்து ஊர்களில் தறியோசை. நீலச் சாயத் துணிக்குப் பெயர்போன வட்டாரம். ஆர்க்காட்டு நவாப் தோஸ்து அலியின் ஆளுகை. உள்ளூர் அதிகாரியிடம் முறைப்படி அனுமதி பெற்று, சரக்கை இறக்கிக் கிடங்கும் அமைத்தாயிற்று.

ஐப்பசி மழைக்காலம் நெருங்கியது. துறைமுகக் காப்பில்லாத திறந்த கரையில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிய பின் எந்தக் கப்பலும் நிற்க அஞ்சும். வாங்குவதையும் விற்பதையும் சில வாரங்களுக்குள் முடித்தாக வேண்டும். அந்த அவசரத்துக்கு நடுவே அக்டோபரில் படை வந்தது. கடலூர் புனித டேவிட் கோட்டையிலிருந்து ஆங்கிலேயர், புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர். இருவரும் சேர்ந்து. கிடங்கு கைப்பற்றப்பட்டது, சரக்கு பறிபோயிற்று, கரையில் இருந்தவர்கள் பிடிபட்டார்கள். கப்பல் மட்டும் தப்பி, 1735-இல் ஊர் சேர்ந்தது.

சென்னையில் அப்போது ஜார்ஜ் மார்ட்டன் பிட் ஆளுநர், புதுச்சேரியில் லெனுவார். நம் பாடநூல்கள் ஆங்கிலேயரையும் பிரெஞ்சுக்காரரையும் பிறவிப் பகைவர்களாகவே அறிமுகப்படுத்துகின்றன. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தது, 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினர் என்பதெல்லாம் மாணவர்கள் ஒப்பிக்கும் செய்திகள். ஆனால் 1733-இல் புதிதாக ஒரு கடைக்காரன் சந்தைக்குள் நுழைந்தபோது இரு பழைய கடைக்காரரும் தோளோடு தோள் நின்றார்கள். ஆங்கிலேயர் சொன்ன சாக்கு, தம் நாட்டில் பிறந்தவர்கள் அந்நியக் கம்பெனியில் சேர்ந்து தம் ஏகபோகத்தைக் கெடுக்கிறார்கள் என்பது. பிரெஞ்சுக்காருக்கு அந்தச் சாக்கும் கிடையாது. நவாபின் மண்ணில், நவாபின் அதிகாரி அனுமதித்த கிடங்கை, மண்ணுக்கு உரிமையில்லாத இருவர் உடைத்தார்கள் என்பதுதான் இதில் எனக்கு முதன்மையாகப் படுவது. கர்நாடகப் போர்களின் ஒத்திகையை இந்தச் சிறு நிகழ்ச்சியிலேயே பார்க்கலாம். ஸ்வீடன் லண்டனிலும் பாரிசிலும் முறையிட்டது; பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வரலாற்றறிஞர் கான்ராட் கில் 1958-இல் இதுபற்றி விரிவாக ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். ஆங்கில-ஸ்வீடிஷ் உறவில் ஒரு நிகழ்ச்சி என்பதே அவர் அதற்கிட்ட துணைத்தலைப்பு. பரங்கிப்பேட்டையின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி என்று எழுத வேண்டியவர்கள் நாமல்லவா?

இங்கே என் ஆற்றாமை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. லெனுவார் காலத்தில் பரங்கிப்பேட்டையில் நடந்த பிரெஞ்சுக் கம்பெனியின் நீலத் துணி ஆலையை மேற்பார்த்தவர் இதே பிள்ளை. 1709-இல் பிறந்தவர், 1733-இல் இருபத்துநான்கு வயது இளைஞர். அந்தத் துறையின் துணிக்கட்டும் தரகும் விலையும் அவர் விரல்நுனியில் இருந்திருக்கும். ஆனால் அவர் நாட்குறிப்பு தொடங்குவது 1736 செப்டம்பரில். மூன்றே ஆண்டு! கப்பல் வந்ததையும் போனதையும், சந்தையில் அடிபட்ட பேச்சையும், யார் யாரைப் பார்க்கப் பல்லக்கில் போனார் என்பதையும் ஒன்றுவிடாமல் எழுதும் அந்தக் கைக்கு, மூன்றாண்டு முன்னதாகவே எழுதும் எண்ணம் வந்திருக்கக் கூடாதா? முன்பணம் வாங்கிய நெசவாளி தறியில் பாதித் துணியோடு என்ன செய்தான் என்பதை வேறு எந்த ஐரோப்பியர் ஏட்டைவிடவும் பிள்ளையிடம் எதிர்பார்க்கலாம். ரங்கப்பிள்ளை வீதியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

பரங்கிப்பேட்டையில் சூடுபட்ட பின் ஸ்வீடன் கம்பெனி பெரும்பாலும் கான்டனோடு நிறுத்திக்கொண்டது. 1813 வரை நடந்த 132 பயணங்களில் மிகப் பலவும் சீனத்துக்கே. கொண்டுவந்த தேயிலையில் பெரும்பகுதி திரும்ப ஏற்றுமதியாகி, கள்ளத்தனமாகப் பிரிட்டனுக்குள் நுழைந்தது. தேயிலை வரியை 1784-இல் பிரிட்டன் குறைத்ததும் அந்த இலாபம் வற்றியது. கம்பெனி மாளிகை இப்போது கோத்தன்பர்க் நகர அருங்காட்சியகம். உணவு முடிந்து அங்கேதான் நடந்தோம். நீலவண்ணச் சீனப் பீங்கான் தட்டுகள் கண்ணாடிக்குள் அடுக்கடுக்காக இருந்தன. சோழமண்டலத் துணி ஒன்றைக் கண்டுவிட மாட்டோமா என்று நான் ஒவ்வோர் அறையாகத் தேடியதைப் பார்த்து மாணவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஸ்வீடன்காரர் நம் கரைக்கு மீண்டும் வந்தது வேறு வழிகளில். தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபையின் முதல் பேராயராக 1921-இல் பொறுப்பேற்ற ஹியூமன் ஸ்வீடன் நாட்டவர். சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூரில் ஸ்வீடிஷ் மிஷன் மருத்துவமனை உண்டு. சென்னையில் விம்கோ நகர் என்று மெட்ரோ நிலையத்துக்கே பெயர் கொடுத்த தீப்பெட்டி ஆலை ஸ்வீடிஷ் கம்பெனி தொடங்கியது. கிடங்கு வைக்க முடியாதவர்கள் தீக்குச்சி விற்றார்கள். சிவகாசிக்காரர் அவர்களோடு மல்லுக்கட்டியது தனிக்கதை.

மறுவாரம் அதே கடையில் முட்டைக்கோசுச் சுருள். 'கோல்டோல்மார்' என்று பெயர். தோல்மா என்றால் துருக்கியச் சொல். பன்னிரண்டாம் சார்லஸ் மன்னர் 1709-இல் பொல்தாவாப் போரில் ருஷ்யரிடம் தோற்று, துருக்கிய சுல்தானின் நாட்டில் பெந்தெர் என்ற ஊரில் ஐந்தாண்டுக்கு மேல் தஞ்சமிருந்தார். கடன் கொடுத்தவர்கள் வசூலுக்காக அவர் பின்னாலேயே ஸ்வீடனுக்கு வந்தார்கள்; திராட்சை இலைச் சுருளும் வந்தது; திராட்சை விளையாத நாட்டில் அது முட்டைக்கோசு இலைக்கு மாறிற்று என்பது வழிவழிக் கதை. காய்சா வார்க் என்ற பெண்மணி எழுதிய புகழ்பெற்ற சமையல் நூலின் 1765-ஆம் பதிப்பில் செய்முறை இருக்கிறது. 2018-இல் ஸ்வீடன் நாட்டின் அதிகாரப்பூர்வ டிவிட்டர் கணக்கே, எங்கள் புகழ்பெற்ற இறைச்சி உருண்டையும் துருக்கியிலிருந்து சார்லஸ் மன்னர் கொண்டுவந்த செய்முறைதான் என்று எழுதியது. துருக்கியர் கொண்டாடினார்கள், ஸ்வீடன்காரர் சிலர் இதுவரை உண்டதெல்லாம் பொய்யா என்று புலம்பினார்கள். உருண்டை பிடிக்கத் தெரியாத நாடு எது என்று கேட்டு, வரலாற்றறிஞர்கள் சந்தேகம் எழுப்பினார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் நியாயமாகவே படுகிறது.

அந்தச் சுருளைக் கத்தியால் நறுக்கும்போது எனக்கு எங்கள் ஊர் 'நெம்' நினைவுக்கு வந்தது. சைகோனுக்குப் படைவீரராகவும் எழுத்தராகவும் வணிகராகவும் போன புதுச்சேரித் தமிழர்கள், அங்கே மணந்த பெண்களோடும் பிள்ளைகளோடும் திரும்பினார்கள். பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவை இழந்ததும் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்ததும் 1954 என்ற ஒரே ஆண்டில். அவ்வீடுகளின் சமையலறையிலிருந்து வெளிவந்த, அரிசித்தாளில் சுருட்டிப் பொரித்த வியத்நாமியச் சுருள் இன்று எங்கள் ஊர்ச் சிற்றுண்டி. சுற்றுலாக்காரர் வெள்ளை நகரத்துக் கடைகளில் 'பாரம்பரியப் பிரெஞ்சு உணவு' தேடுகிறார்கள். அவர்களுக்கு நெம்மைக் கொடுத்தால் இது பாண்டிச்சேரி உணவு இல்லையே என்கிறார்கள்! இன்னும் பின்னே போனால், 1945-இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த யவனச் சாடிகளில் மது வந்திருக்கிறது, ஒலிவ எண்ணெய் வந்திருக்கிறது, ஊறிப் புளித்த மீன்சாறும் வந்திருக்கிறது. பாண்டியன் நன்மாறன் யவனர் தந்த மதுவைப் பருகி மகிழுமாறு நக்கீரர் வாழ்த்தியதைப் புறநானூறு பாடமாக நடத்தும்போது, மீன்சாற்றைப் பற்றியும் சொல்வேன். மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். கருவாட்டுக் குழம்பு உண்ணும் பிள்ளைகள்.

புறப்படும் முன் மாணவரின் துணைவியார் ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்தார். ஸ்வீடன்காரர் இனிப்பு ரொட்டியில் ஏலத்தை அள்ளிப் போடுகிறார்கள்; நம் பாயசத்தில் போடுவது அதன் முன் பிச்சைக் கணக்கு. கடையில் வாங்கிய ஏலப் பொட்டலத்தில் குவாத்தமாலா என்று அச்சிட்டிருந்தது. 'மேற்குத் தொடர்ச்சி மலை ஏலக்காய் அடுத்த முறை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், ஐயா' என்றார்.

திரும்பிய பின் ஒரு ஞாயிறன்று கடலூர் வழியாகப் பேருந்தில் பரங்கிப்பேட்டை போனேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையத்தைத் தாண்டி ஆற்றுமுகம்வரை நடந்தேன். 1781-இல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹீத் என்பவர் இரும்பாலை வைத்த ஊர். இவற்றைப் பற்றி விசாரித்தால் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், ஸ்வீடன்காரர் இங்கே கிடங்கு வைத்திருந்தார்கள் என்று சொன்னேன். டேனிஷ்காரரா, அது தரங்கம்பாடியாச்சே தம்பி, என்றார். இல்லை, இது வேறு, என்று 1733-ஐ விளக்கத் தொடங்கினேன். படகுகள் ஒவ்வொன்றாக முகத்துவாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தன. அவர் வலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து, யார் யாரை அடித்தார்கள் என்பதை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.